‘525 மடங்கு’ டெலஸ்கோப்: நெல்லையில் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

“அண்ணாச்சி, 525 மடங்கு பெரிசாக் காட்டும். சனியோட வளையத்த எண்ணியே பாத்துரலாம்.” இப்படிச் சொல்லித்தான், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளுக்காக வாங்கப் போன பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் தலையில் 6,500 ரூபாய்க்கு ஒரு டெலஸ்கோப்பைக் கட்டியிருக்கிறார்கள். மூன்று ராத்திரி மொட்டை மாடியில் நின்றும் மங்கலாக ஆடும் ஒரு வட்டத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. திருப்பிக் கொண்டுபோனால், “கண்ணாடிச் சாமான், வித்தா வாபஸ் கிடையாது” என்று பதில். தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை. பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை.

பெட்டியில் இருப்பவை இவை: 60 மி.மீ. முன் லென்ஸ், 700 மி.மீ. குவியத் தூரம், 20, 12.5, 4 மி.மீ. ஐபீஸ்கள் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸ்கள்), ஐபீஸோடு சேர்த்தால் உருவத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்று. குவியத் தூரத்தை ஐபீஸின் அளவால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம்: 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. பார்லோவையும் சேர்த்தால் 525. கணக்கு சரி, ஆனால் அதில் எதையும் பார்க்க முடியாது. முன் லென்ஸின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதைப் போல் இரண்டு மடங்குதான் உருப்பெருக்கத்துக்கு எல்லை. 60 மி.மீ.க்கு 120. அதைத் தாண்டினால் புதிதாக ஒரு விவரமும் வராது, மங்கல்தான் கூடும். 20 மி.மீ. ஐபீஸின் 35 மடங்கில் தெரிகிற உருவத்தை 525 மடங்கு ஆக்கினால் அதே வெளிச்சம் 225 மடங்கு பரப்பில் பரவிவிடும். போதாததற்கு, பூமி சுழல்கிற வேகத்தில் கோள் 20 நொடிக்குள் பார்வையை விட்டு ஓடிவிடும். சனிக்கு வளையம் இருக்கிறது என்று தெரிய 35 மடங்கே போதும். 1610-இல் கலிலியோ வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்கில்.

பெட்டியில் போட்டிருக்கும் ‘60’ உண்மைதானா என்பதையும் பார்த்துவிட வேண்டும். கடையிலேயே ஐந்து நிமிடத்தில் செய்யலாம். 20 மி.மீ. ஐபீஸைப் போட்டு, பார்லோ இல்லாமல், தூரத்துக் கட்டடம் ஒன்றுக்கு ஃபோகஸ் செய்யுங்கள். ஃபோகஸை அசைக்காமல் உள்ளே கொண்டுவந்து, ஐபீஸுக்கு ஒரு சாண் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடியுங்கள். முன் லென்ஸுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிப் பிடித்தால் வெளிச்சம் வட்டமாக விழும். அந்த வட்டத்தின் விட்டம்தான் டெலஸ்கோப்பின் உண்மையான அளவு. இந்தப் பெட்டியில் விழுந்த வட்டம் 38 மி.மீ. முன் மூடியைக் கழற்றிப் பார்த்தால் லென்ஸுக்குப் பின்னால், குழாய்க்குள், நடுவில் ஓட்டை போட்ட கறுப்பு பிளாஸ்டிக் வளையம் ஒன்று. லென்ஸின் ஓரத்தில் வரும் நிறச்சிதறலும் கலங்கலும் தெரியாமல் இருக்க இப்படி அடைத்துவிடுகிறார்கள். 60-க்குக் காசு கொடுத்தவருக்குக் கிடைப்பது அதில் 40 சதவீத வெளிச்சம். வளையத்தைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். உருவத்தைச் சுற்றி ஊதா படரும், அவ்வளவுதான்.

இனிச் சொல்வது எல்லாவற்றையும்விட முக்கியம். ஐபீஸின் அடியில் திருகுகிற, கரும்பச்சை நிறத்தில் காசு அளவுக்கு ஒரு சின்னக் கண்ணாடி சில பெட்டிகளில் இருக்கும். சூரியனைப் பார்ப்பதற்காம். தூக்கிப் போடுங்கள். முன் லென்ஸ் திரட்டும் வெயில் முழுவதும் அந்த இடத்தில்தான் குவிகிறது. சூடேறிக் கண்ணாடி விரிசல் விட்டால் அடுத்த நொடி விழித்திரை கருகும், வலிகூடத் தெரியாது. சூரியனுக்கான ஃபில்டர் என்றால் குழாயின் முன்வாயை முழுசாக மூடுகிறதாக இருக்க வேண்டும்.

கூடுதல் விலைக்கு, நட்சத்திரங்களின் நகர்வைப் பின்தொடரும் ‘ஈக்குவட்டோரியல்’ ஸ்டாண்டையும் தள்ளிவிடுவார்கள். அதன் ஓர் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்ப வேண்டும். நெல்லை 8.7 பாகை அட்சரேகையில் இருப்பதால் இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரம்கூட வராது. பக்கத்து வீட்டு மாடியும் தென்னையும் மறைத்துவிடும். அச்சை அவ்வளவு தாழ்த்தினால் எதிர் எடை ஸ்டாண்டின் காலில் முட்டவும் செய்யும். மேலும் கீழும், இடமும் வலமும் திரும்புகிற சாதா ஸ்டாண்டே நம் ஊருக்கு நல்லது.

ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் அதைப் பரணில் போட வேண்டாம். 4 மி.மீ. ஐபீஸையும் பார்லோவையும் பெட்டியிலேயே வைத்துவிட்டு 20 மி.மீ. ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். ஸ்டாண்டின் கால்களை இழுத்து நீட்டாமல், கால்களுக்கு இடையில் இருக்கும் தட்டின் நடுவில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். நம் பக்கத்துக் காற்றுக்கு இது இல்லாமல் முடியாது. பகல் வெயிலை வாங்கிய காங்கிரீட் மாடி நெடுநேரம் அனல் விடும், உருவம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். மண் தரை நல்லது, இல்லையென்றால் பத்து மணிக்கு மேல் மாடி ஏறுங்கள். குறி பார்க்க டெலஸ்கோப்பின் மேல் இருக்கும் சின்னக் குழாயான ஃபைண்டரைப் பகலிலேயே சரிசெய்துவிட வேண்டும். சூரியன் இல்லாத திசையில் ஊசிக்கோபுரத்து உச்சியோ செல்போன் டவரோ டெலஸ்கோப்பின் நடுவில் தெரியும்படி வைத்து, பிறகு ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி அதே புள்ளியை அதன் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாததால்தான் பலருக்கு நிலாகூட அகப்படுவதில்லை.

வேறு ஐபீஸ் வாங்குவதற்கு முன் செருகும் குழலின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 31.7 மி.மீ. என்றால் நல்ல ஐபீஸ் எளிதாகக் கிடைக்கும். 24.5 என்றால் அதற்குமேல் காசு போடாதீர்கள். புதிதாக வாங்குவதானால் 70 மி.மீ. லென்ஸும் ஆடாத ஸ்டாண்டும் பார்த்து வாங்குங்கள். அதற்கும் பணம் போதாதென்றால் 10 மடங்கு, 50 மி.மீ. பைனாகுலர். தை, மாசி இரவில் தெற்கே நல்ல உயரத்தில் நிற்கும் அகத்திய நட்சத்திரத்தை (கனோபஸ்) வடக்கத்திக்காரர்கள் அடிவானத்தில் தேட வேண்டியிருக்கும். நமக்கு அது முற்றத்திலேயே கிடைக்கிறது.

‘வாபஸ் கிடையாது’ என்பதற்கு ஒரு வார்த்தை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அப்படியே. பெட்டியில் அச்சிட்டிருப்பதையும், தாளில் விழுந்த வட்டத்தை ஸ்கேலோடு சேர்த்தும் படம் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். அதில் முடியாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. பாளையங்கோட்டைக்காரரிடம் பில் இருக்கிறது, 30 நாளும் ஆகவில்லை. படங்களோடு புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.