மோட்டார் கொட்டகை கேமராவில் திங்கினோ

கேமரா இருப்பது வலங்கைமான் பக்கம் எங்கள் மோட்டார் கொட்டகையில். பார்ப்பவர் கூப்பிடு தூரத்தில், வீட்டில் இருக்கும் அப்பா. ஆனால் படம் எங்கோ ஒரு சர்வருக்குப் போய்த் திரும்பினால்தான் அவர் போனில் தெரியும். ஐப்பசி அடைமழையில் நெட் போய்விட்டால் ஒன்றும் தெரியாது. செம்புக்காக மோட்டார் கேபிளை அறுக்க வருபவர்களுக்கு அந்த மாதிரி ராத்திரிதானே வசதி!

அதனால் கேமராவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளான கம்பெனி ஃபர்ம்வேரை அடியோடு எடுத்துவிட்டுத் திங்கினோ போட்டேன். இன்ஜெனிக் சிப் உள்ள கேமராக்களுக்கான திறமூல ஃபர்ம்வேர் இது, இலவசம். என்னுடையது டி31 சிப். ஹைசிலிகான், கோக் சிப் வைத்திருப்பவர்கள் இதே போன்ற இன்னொரு திறமூல ஃபர்ம்வேரான ஓப்பன்ஐபிசியைப் பார்க்கலாம்.

கஷ்டம் எல்லாம் ஏற்றுவதில்தான். சில மாடல்களில் மெமரி கார்டு போதும். எனக்கு அந்த வழி இல்லை. மூடியைக் கழற்றி, போர்டில் ஃபர்ம்வேர் பதிந்திருக்கும் எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பை கிளிப்பால் கவ்வி, அதைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிஎச்341ஏ புரோகிராமர் வழியாக லேப்டாப்பில் இணைத்தேன். சில நூறு ரூபாய்ச் சாமான்தான். கிளிப்பின் சிவப்பு வயர் சிப்பின் மூலையில் புள்ளி இருக்கும் காலில் உட்கார வேண்டும். எழுதும் முன் பழையதை இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பத்திரப்படுத்துங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். ஏற்றும் ஃபர்ம்வேர் கோப்பு சிப், சென்சார், வைஃபை மூன்றுக்கும் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும்.

மறுபடி கரண்ட் கொடுத்ததும் கேமராவே ஒரு வைஃபை காட்டும். போனில் அதைப் பிடித்து வீட்டு வைஃபை விவரமும் புது பாஸ்வேர்டும் கொடுத்தால் முடிந்தது. பாஸ்வேர்டை நம்மையே வைக்கச் சொல்வது எனக்குப் பிடித்தது. 2016இல் மிராய் என்ற தீநிரல் பெரும்பாலும் புகுந்தது, கம்பெனி வைத்த பாஸ்வேர்டு மாறாமல் இருந்த கேமரா, டிவிஆர், ரூட்டர் போன்றவற்றில்தான். ஆனால் கேமரா நேரலையாக அனுப்பும் ஆர்டிஎஸ்பி வீடியோவுக்கு ‘திங்கினோ’ என்ற பொதுப் பாஸ்வேர்டே வருகிறது. அதையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

இப்போது அப்பா போனில் விஎல்சி என்ற வீடியோ ஆப்பில் அந்த நேரலையைப் பார்க்கிறார். ரூட்டர் இன்வெர்ட்டரில் ஓடுவதால் மழையிலும் படம் நிற்பதில்லை. “நெட்டே இல்லங்குற, இது எப்படிடா தெரியுது?” என்று கேட்டார். வீட்டுக்குள்ளேயே வருகிறது என்றதும் அவருக்கு அவ்வளவு நிம்மதி. நெட் இருக்கும்போது அசைவு தெரிந்தால் டெலிகிராமில் படமும் வந்துவிடும்.

குறை என்றால், ஆளையும் பூச்சியையும் அதற்குப் பிரிக்கத் தெரியாது. மழை விட்ட ராத்திரி லென்ஸுக்கு முன்னால் ஈசல் வெள்ளை வெள்ளையாகப் பறக்கும், எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். சிலந்தி வலை பின்னினால் படமே வெளுத்துவிடும். கேமராவின் அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, தள்ளி ஒரு எல்இடி பல்பு போட்ட பிறகு பெருமளவு சரியானது. இப்படி விளக்கை நம் இஷ்டத்துக்கு அணைக்கப் பழைய ஆப்பில் இடமே இல்லை. திங்கினோவுக்கென்று தனி ஆப் கிடையாது, எல்லாம் பிரவுசரில்தான்.

புதிதாக வாங்குபவர்கள் மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பெயரில், ஒரே மாதிரிப் பெட்டியில் வேறு வேறு சிப் வைத்து விற்கிறார்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும் முன் திறந்து சிப்பைப் பார்க்கலாமா என்று கடையில் கேட்டுவிட்டே காசு கொடுங்கள்.