பஞ்சர் கடையில் கத்தியைச் சாணைக்குக் கொடுக்காதீர்கள்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் பக்கம் கார் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கும், கத்தி மேல் ஆசை வைத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஒரே கடையில், ஒரே நேரத்தில், எங்கள் டயரையும் கெடுத்தார்கள், ஒரு அருமையான கத்தியையும் கெடுத்தார்கள். டயருக்குக் காசும் வாங்கிக்கொண்டார்கள். கடைக்குப் பெயர் கிடையாது. கம்பத்தில் ஒரு பழைய டயர் தொங்கியது, சுவரில் ‘பஞ்சர், காற்று, சாணை’ என்று பெயிண்டால் எழுதியிருந்தது. இந்த மாதிரிக் கடை எல்லா நெடுஞ்சாலையிலும் இருக்கிறது. அதனால் இடத்தைவிட, அவர்கள் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

நாங்கள் நான்கு பேர். நால்வருக்கும் கத்தி என்றால் உயிர். ஒருவர் விக்டோரினாக்ஸ் தவிர வேறு எதையும் பாக்கெட்டில் வைக்க மாட்டார். இன்னொருவர் ஸ்வீடனின் மோரா கத்திகளை வாங்கிச் சேர்ப்பவர். எனக்குத் திருப்பாச்சேத்தி அரிவாள். எங்களில் மூத்தவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் இருந்தது பிரான்சின் ஓபினெல், எட்டாம் நம்பர், கார்பன் ஸ்டீல், அதாவது துடைத்து வைக்காவிட்டால் துருப்பிடிக்கிற எஃகு. 1890-இல் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் என்பவர் செய்யத் தொடங்கிய மடக்குக் கத்தி அது. மரப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு, திறந்த பிறகு அலகு மடங்காமல் பூட்டுவதற்கு ஒரு இரும்பு வளையம். அந்த வளையம்கூட 1955-இல்தான் வந்தது. அண்ணன் அந்தக் கத்தியில்தான் மாங்காய் நறுக்குவார், நுங்கு சீவுவார், பென்சில் சீவுவார். தினமும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பார்.

காரில் போகும்போது வழக்கமான சண்டைதான். “துருப்பிடிக்கிற கத்தியை வச்சுக்கிட்டு ஏண்ணே இவ்வளவு பாடு?” என்று விக்டோரினாக்ஸ்காரர் கேட்பார். “துருப்பிடிக்கிற கத்திதான் தம்பி கல்லுல நாலு இழுப்புல கூர் ஏறும். உன் கத்தியைத் தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள நான் மாம்பழத்தையே தின்னு முடிச்சிருவேன்” என்பார் அண்ணன். திருப்புவனம், திருப்பாச்சேத்தி, மானாமதுரை என்று ஊர்கள் போய்க்கொண்டிருந்தன, இந்தப் பேச்சு மட்டும் முடியவே இல்லை.

பரமக்குடி தாண்டிய பிறகு வண்டி இடது பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தோம். பின் டயரில் ஓர் ஆணி. காற்று மெதுவாகத்தான் இறங்கியிருந்தது. காலையில் கிளம்பும்போது 33 பிஎஸ்ஐ, இப்போது 20-க்குப் பக்கத்தில். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு பஞ்சரையும் ஒட்டி வாங்கிப் போய்விடலாம் என்று அந்தக் கடையில் நிறுத்தினோம்.

கடைக்காரர் நன்றாகப் பேசினார். டயரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கையில் இருந்த ஓபினெல்லைப் பார்த்துவிட்டார். நுங்கு சீவியதில் அதன் வாய் கொஞ்சம் மழுங்கியிருந்தது. “கொடுங்க சார், பையன் ரெண்டு நிமிஷத்துல பிளேடு மாதிரி ஆக்கிக் கொடுப்பான்” என்றார். நான் உடனே கடைக்காரரிடம் தெளிவாகச் சொன்னேன்: “அண்ணே, மெஷின்ல வைக்க வேண்டாம். தண்ணி தொட்டுக் கல்லுல தேய்ச்சா போதும்.” “கல்லுதான் சார், ஈரக்கல்லு” என்றார். கடைக்குப் பின்னால் ஒரு பெரிய சாணைக்கல் இருந்ததும் உண்மைதான், எங்களைக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அண்ணனும் நானும் அதைப் பார்க்கப் பின்னால் போனோம். மற்ற இருவரையும் எதிர்ப்பக்க டீக்கடையில் உட்காரச் சொல்லி, டீயும் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. கத்தியைக் காட்டி டயரிலிருந்து எங்கள் கண்ணை எடுத்தார்கள். அடுத்த நிமிடமே “சார், டயரை வந்து பாருங்க, நிறைய பஞ்சர் இருக்கு” என்று முன்னால் கூப்பிட்டுக் கத்தியிலிருந்தும் கண்ணை எடுத்தார்கள்.

டயரில் சோப்புத் தண்ணி ஊற்றியிருந்தார். ஆறு இடத்தில் நுரை பொங்கியது. ஓட்டைக்கு 150 ரூபாய், மொத்தம் 900. மூன்றில் ஏற்கெனவே ஓட்டையை அடைக்கிற ரப்பர் திரி ஏற்றியாகிவிட்டது. ஆறு ஓட்டை இருந்தால் காற்று இவ்வளவு மெதுவாக இறங்கியிருக்குமா என்று கேட்டேன். “ரோட்டுல கம்பி கிடந்திருக்கும் சார், உங்க நல்ல நேரம் இதுவரைக்கும் தாங்கியிருக்கு” என்றார். நான் மேலே பேசுவதற்குள் பின்னாலிருந்து கிர்ரென்று சத்தம். ஆங்கிள் கிரைண்டர், இரும்பை அறுக்கவும் தேய்க்கவும் வைத்திருக்கிற கை மெஷின். ஓடிப்போய்ப் பார்த்தால், பையன் கத்தியை அதில் வைத்துப் பொறி பறக்கத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் தண்ணீரே இல்லை.

கத்தி வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் ஒரே ஒரு காய்கறிக் கத்தி வைத்திருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். கார்பன் ஸ்டீல் கத்தியைச் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை பழுக்கவைத்து எண்ணெயில் முக்குவார்கள். அப்போது அலகு நன்றாகக் கடினமாகும், ஆனால் கீழே விழுந்தால் உடைந்துவிடும். அதனால் மறுபடியும் 200 டிகிரிக்குப் பக்கத்தில் இதமாகச் சூடுகாட்டிப் பதம் போடுவார்கள். கூர் நிற்பதும் உடையாமல் இருப்பதும் அந்தப் பதத்தால்தான். அதற்கு மேல் சூடு ஏறினால் கடினம் குறைந்துகொண்டே போகும், மறுபடி உலையில் போடாமல் திரும்ப வராது. இரும்பின் நிறமே அதைக் காட்டிக்கொடுக்கும். 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள், 260-இல் பழுப்பு, 280-இல் ஊதா, 300-ஐ நெருங்கினால் நீலம். நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. தாள் போல மெலிந்த கத்தி வாயை அதில் வைத்தால், நீலம் வருவதற்கு ஓரிரு நொடி போதும். கையால் தொட்டுப் பார்த்து ‘சூடு அவ்வளவாக இல்லையே’ என்று நினைப்பதில் பயனில்லை. முதுகுப் பக்கம் ஆறியிருக்கும்போதே வாய் வெந்துபோயிருக்கும்.

பையன் கையிலிருந்து கத்தியை வாங்குவதற்குள் கடைக்காரர் வந்து வாங்கிக்கொண்டார். எமரித் தாளால் இரண்டு பக்கமும் நான்கு தேய், ஒரு துணியில் எண்ணெய் தொட்டு ஒரு துடை. பளபளவென்று ஆகிவிட்டது. அப்புறம் ஒரு செய்தித்தாளைத் தூக்கிப் பிடித்து மேலிருந்து கீழே சர்ரென்று வெட்டிக் காட்டினார். “பாருங்க சார், எப்படி இருக்கு?”

நுனி ஓரத்தில், எமரி படாத இடத்தில், ஒரு விரற்கடை நீலம் அப்படியே இருந்தது. “இது என்னண்ணே?” என்று காட்டினேன். “எண்ணெய்க் கறை சார், கழுவினா போயிரும்.” அது எண்ணெய்க் கறை இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீலத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம். போன பதத்தைத் தேய்த்துத் திரும்பக் கொண்டுவர முடியாது.

காகிதம் வெட்டிக் காட்டுவதை நம்பவே நம்பாதீர்கள். வேகமான சக்கரத்தில் தேய்த்தால் வாய் ஓரத்தில் முடி போல ஒரு பிசிறு எழும்பி நிற்கும். அந்தப் பிசிறுதான் காகிதத்தை வெட்டுகிறது. விரலில் தொட்டாலும் பயங்கரக் கூர் போலத் தோன்றும். வீட்டுக்குப் போய் இரண்டு தக்காளி நறுக்கினால் பிசிறு மடங்கிவிடும், கத்தி முன்பைவிட மொக்கையாகிவிடும். அண்ணன் அன்று மாலையே ஒரு மாங்காயை எடுத்தார். பாதிகூட ஆகவில்லை, கூர் போய்விட்டது. வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வெள்ளைக் கோடாக மின்னியது. கூரான வாய் வெளிச்சத்தில் மின்னாது. மழுங்கியோ மடங்கியோ இருந்தால்தான் மின்னும். வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை இது.

வாக்குவாதம் நடந்தது. டயர் அவர் கையில், மூன்று திரி ஏறிவிட்டது, மற்ற மூன்று ஓட்டையோடு எடுத்துப்போகவும் முடியாது. சாணைக்குக் காசு தரமாட்டோம் என்று சொல்லிவிட்டு, பஞ்சருக்கு 700 ரூபாய் ஜிபே செய்தோம். பில் கேட்டதற்கு “பஞ்சருக்கு யார் சார் பில் கொடுப்பாங்க?” என்றார்.

மறுநாள் ராமநாதபுரத்தில் ஒரு டயர் கடையில் டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்பக்கம் பார்த்தோம். ஆணி ஏறிய ஓட்டையைச் சுற்றித் துருக்கறை இருந்தது, ரப்பர் நைந்திருந்தது. மற்ற ஐந்தும் நேராக, சுத்தமாக, புதிதாக இருந்தன. எல்லாம் ஒரே பருமன். அதில் ஒன்று டயரின் தோள் பக்கம், அதாவது தரையில் ஓடுகிற பரப்பும் பக்கச் சுவரும் சேருகிற ஓரம், திரி போட்டாலும் நிற்காத இடத்தில். “இது ரோட்டுல ஏறினது இல்ல சார், ஊசியால குத்தினது” என்றார் அந்தக் கடைக்காரர். நுரை துடைக்கிற பஞ்சுக்குள் ஊசியை ஒளித்துவைத்துக் குத்துவார்களாம். நால்வழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற டயர் அது. தோளில் ஓட்டை போட்டுத் திரி செருகி அனுப்பியவருக்கு, உள்ளே நான்கு உயிர் உட்கார்ந்திருக்கிறது என்ற நினைப்பே இல்லை. எனக்குக் காசு போனதைவிட இதில்தான் கோபம். புது டயர் வாங்கித்தான் ஊர் திரும்பினோம்.

திரும்பும் வழியில் திருப்பாச்சேத்தியில் நான் அரிவாள் வாங்குகிற பட்டறையில் நிறுத்தினோம். லாரியின் ஸ்பிரிங் பட்டையை உலையில் போட்டு அடித்து அரிவாள் ஆக்குகிற பெரியவர். கத்தியை வாங்கி, வாய் மேல் ஓர் அரத்தை லேசாக இழுத்தார். “வழுக்கிட்டுப் போகணும். இது கடிக்குது பாருங்க தம்பி. பதம் போயிருச்சு.” அரிவாளாக இருந்தால் மறுபடி உலையில் போட்டுப் பதம் ஏற்றித் தந்திருப்பேன் என்றார். ஆனால் இந்த மெல்லிய அலகும் மரப்பிடியும் உலைக்குத் தாங்காது. “தண்ணியில முக்கி முக்கி, கையால தேய்ங்க. வெந்த இரும்பு போற வரைக்கும் தேய்ச்சா உள்ள நல்ல இரும்பு வரும்.” காசு நீட்டினோம், வாங்கவில்லை.

அவர் சொன்னபடியே அண்ணன் பல மாலைகள் உட்கார்ந்து கல்லில் தேய்த்தார். முதலில் சொரசொரப்பான கார்போரண்டம் கல், பிறகு 1000 கிரிட் என்கிற நைசான கல். அரம் வழுக்குகிற வரை வந்தபோது அலகின் அகலம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தது. நுனியும் போய்விட்டது. கத்தி வெட்டுகிறது, ஆனால் பழைய வடிவம் இல்லை.

தெருவில் சைக்கிளிலும் தள்ளுவண்டியிலும் வருகிற சாணைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. காலால் மிதிக்கிற சக்கரம் மெதுவாகத்தான் சுற்றும், பக்கத்தில் தண்ணீர் டப்பா இருக்கும். நல்ல சாணைக்காரர் கத்தியை அடிக்கொரு தரம் முக்கி எடுப்பார். அவர்களிடம் தாராளமாகக் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். மோட்டார் சக்கரம், தண்ணீர் இல்லை என்றால் மட்டும் கத்தியை உறையிலிருந்தே எடுக்க வேண்டாம். ஹார்டுவேர் கடையில் இரண்டு பக்கம் உள்ள கார்போரண்டம் கல் குறைந்த விலைக்கே கிடைக்கும். பயணத்தில் அது ஒன்று பையில் இருந்தால் போதும்.

டயருக்கு நாங்கள் இப்போது செய்வது இதுதான். கடைக்காரர் டயரைத் தொடுவதற்கு முன்பே சோப்புத் தண்ணியை வாங்கி, நம் கையால் டயர் முழுக்க ஊற்றிவிட வேண்டும். நுரை வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, போனில் ஒரு படம். “இந்த வட்டத்துக்கு மட்டும்தான் காசு” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருவராவது டயரை விட்டு நகரக் கூடாது, டீ யார் வாங்கிக் கொடுத்தாலும் சரி. கூடவே வேறு எந்த வேலையும் அந்தக் கடையில் ஆரம்பிக்க வேண்டாம். காரின் 12 வோல்ட் பிளக்கில் ஓடுகிற காற்றடிக்கும் பம்பும் ஒரு பஞ்சர் கிட்டும் வாங்கி வைத்துக்கொண்டோம். மெதுவாக இறங்குகிற டயர் என்றால் காற்றை நிரப்பிக்கொண்டு ஊருக்குள் நல்ல கடை வரை போய்விடலாம். தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033-க்குக் கூப்பிடலாம்.

ஜிபே ரசீது, டயரின் உள்பக்கப் படங்கள், டயர் கடை பில், நுனியில் நீலம் தெரிகிற கத்தியின் படம் எல்லாவற்றையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அதே சாலையில் இப்படி ஏமாந்தவர்கள் இருந்தால், பணம் அனுப்பிய ரசீதும் டயர் படமும் வைத்திருந்தால், நீங்களும் அதே எண்ணில் பதிந்துவிட்டு எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.