குதிரையை விட்டுவிட்டுப் போகச் சொல்பவரிடம் பழக்கக் கொடுக்காதீர்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.

"அடி, உதை எதுவும் கிடையாது, மேல ஏறாம, கீழே நின்னே அன்பா பழக்கித் தர்றேன்" என்று சொன்ன ஒருவரிடம் எங்கள் பெண் குதிரையை விட்டிருந்தோம். அந்தியூர் சந்தையில் வாங்கிய மார்வாரி இனக் கலப்பு. 15,000 ரூபாய் பேச்சு, 10,000 முன்பணம். நாங்கள் கூட இருக்கிறோம் என்றதற்கு, "நீங்க நின்னா அதுக்குக் கவனம் சிதறும்ணே, முடிஞ்சதும் போன் பண்றேன்" என்றார்.

திரும்பி வந்த அன்று தலையைத் தொங்கப் போட்டு, உதடு தளர்ந்து, சாதுவாக நின்றது. மறுநாள் காலை நான் கையைத் தூக்கியதுமே மிரண்டு பின்னால் பாய்ந்தது. வாயின் இரண்டு ஓரமும் கிழிந்து சீழ் வைத்திருந்தது. பின்னங்கால் கணுவில் கயிறு அறுத்த புண். முள் கடிவாளம் போட்டிருக்கிறார்கள் என்றார் கால்நடை மருத்துவர். வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் 1965ஆம் ஆண்டு விதிகளிலேயே தடை செய்யப்பட்ட கொடுமை அது. முதல் நாள் அமைதி மயக்க ஊசியாக இருக்கலாம் என்றும் சொன்னார். அது சில மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

முறையாகப் பழக்குபவர் தலைக்கயிற்றை லேசாக இழுத்துப் பிடிப்பார், குதிரை ஓரடி எடுத்து வைத்த அந்த நொடியே தளர்த்துவிடுவார். அந்தத் தளர்வுதான் அதற்குப் பாடம். பின்னால் நகர்வது, பின்பக்கத்தைத் திருப்புவது, நீளக் கயிற்றில் வட்டமாக நடப்பது எல்லாம் இப்படித்தான் படியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது. அதனால் தோள் பக்கமாகவே நெருங்குவார். இத்தனையையும் வீட்டில் நாளும் செய்யப்போவது நாம்தானே? நம் கை எப்போது இறுக்குகிறது, எப்போது விடுகிறது என்று தெரியாமல் போனால், அவர் எவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தாலும் குதிரை குழம்பும். ஆகவே உடைமைக்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்துச் சொல்லித் தராதவரிடம் முன்பணமே கொடுக்காதீர்கள்.

புண் ஆறும்வரை கடிவாளமே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தலைக்கயிறு மட்டும் போட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறோம். அந்த ஆளோ மீதி 5,000 கேட்டு இன்னும் போன் செய்கிறார். ஒரு பைசா தரமாட்டோம், காவல் நிலையத்தில் மனுவும் கொடுத்துவிட்டோம். குதிரையை யாரிடம் விட்டாலும் அன்றைக்கே வாய், கால், முதுகு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். "புண்ணோடதான் கொண்டுவந்தாங்க" என்று அவர் சாதித்தபோது எங்களுக்குக் கைகொடுத்தது அந்தப் படங்கள்தான்.