படத்தில் ஓர் எஞ்சின், பார்சலில் வேறோர் எஞ்சின்: மாடல் ரயில் செய்யக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வட லண்டனில் வசிக்கும் நான், ஒரு மாடல் எஞ்சினும் அதற்குரிய நான்கு பெட்டிகளும் செய்து தரச் சொல்லி, கைவேலை செய்து விற்கும் ஒருவரிடம் 1,500 பவுண்ட் கொடுத்தேன். பதினான்கு மாதம் கழித்து வந்து சேர்ந்தது நான் கேட்ட பொருளும் அல்ல, அவர் படங்களில் காட்டிய பொருளும் அல்ல. அதில் 980 பவுண்ட் திரும்பக் கிடைத்துவிட்டது; 520 பவுண்ட் இன்னும் கிடைக்கவில்லை. பழைய பிரிட்டிஷ் புறநகர் ரயில்களை மாடலாகச் செய்வதில் ஆர்வம் கொண்ட தமிழர்கள் சிலர் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். கடையில் கிடைக்காத ரயிலைக் கைவினைஞரிடம் செய்யக் கொடுக்க வேண்டிய நிலை அவர்களில் பலருக்கும் வரும் என்பதால், நடந்ததை எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் கேட்ட ரயிலைப் பற்றி முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வெளிப்பட்டதே அந்த ரயிலின் அமைப்பை வைத்துத்தான். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து பார்னெட், ஹாட்ஃபீல்டு பக்கம் ஓடிய புறநகர் ரயில்களுக்காக, ரயில் பொறியாளர் நைஜல் கிரெஸ்லி 1924இல் ‘குவாட்-ஆர்ட்’ என்ற பெட்டித் தொகுதியைக் கொண்டுவந்தார். பிற்காலத்தில் நீராவி எஞ்சின்களுக்கான உலக வேகச் சாதனை படைத்த மல்லார்டு எஞ்சினை வடிவமைத்தவரும் இவரே. குவாட்-ஆர்ட்டில் நான்கு பெட்டிகள் பிரிக்க முடியாதபடி ஒன்றாக இணைந்திருக்கும். அடுத்தடுத்த இரண்டு பெட்டிகளின் முனைகள் ஒரே போகியின் மேல் அமர்ந்திருப்பதால், எட்டு போகிகள் வேண்டிய இடத்தில் ஐந்தே போதும். நம் ஊரில் முழுப் பெட்டியையே போகி என்று சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே அது பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரச் சட்டத்தை மட்டுமே குறிக்கும். இந்த அமைப்பால் எடை குறைந்தது, ரயிலின் நீளமும் குறைந்தது. உள்ளே நடைவழியும் இல்லை, கழிப்பறையும் இல்லை. வரிசையாகச் சிறு அறைகளும், ஒவ்வொரு அறைக்கும் இருபுறக் கதவுகளும்தான். இப்படி இரண்டு தொகுதிகளைச் சேர்த்தால் எட்டுப் பெட்டி ரயில் ஆகும்.

அதை இழுத்தது பெரும்பாலும் என்2 வகை எஞ்சின். 1920இல் வந்த இந்த வகையில் மொத்தம் 107 எஞ்சின்கள் கட்டப்பட்டன. கிங்ஸ் கிராஸிலிருந்து மூர்கேட் வரை நிலத்தடிப் பாதையில் போக வேண்டியிருந்ததால், இவற்றில் பலவற்றுக்குப் புகைபோக்கி குட்டையாக இருந்தது. அத்துடன் ஆவியைக் குளிர்விக்கும் அமைப்பும் இருந்தது. சுரங்கத்துக்குள் புகும்போது, வேலை முடிந்து வெளியேறும் நீராவியைப் புகைபோக்கி வழியே விடாமல், தடித்த குழாய்கள் வழியாகப் பக்கத் தண்ணீர்த் தொட்டிகளுக்குத் திருப்பிவிடுவார்கள். ஆவி அங்கே நீராகிவிடும். புகைப்பெட்டியின் இருபுறமிருந்தும் தொட்டிகளை நோக்கி வளைந்து செல்லும் அந்தக் குழாய்கள்தான் மூர்கேட் போகும் என்2வின் முக அடையாளம். நிலத்தடியில் போக வேண்டிய தேவை இல்லாத இடங்களுக்காக, அந்தக் குழாய்கள் இல்லாமலும் சில கட்டப்பட்டன. கடைசி என்2 1962இல் சேவையிலிருந்து விலக்கப்பட்டது. இன்று மிஞ்சியிருப்பது 1921இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட ஒன்றே ஒன்றுதான். குவாட்-ஆர்ட்டிலும் 74ஆம் எண் தொகுதி ஒன்றுதான் நார்த் நார்ஃபோக் ரயில்வேயில் காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஷெரிங்கம் நிலையத்தில் அந்தத் தேக்குப் பெட்டிகளை நேரில் பார்த்துவிட்டு வந்த வாரத்தில்தான் இதை என் லேஅவுட்டில், அதாவது வீட்டில் அமைத்திருக்கும் மாடல் ரயில் பாதையில், ஓட்டியே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த ஆசை இன்னும் எனக்குத் தணியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கைவினைஞரை ஒரு மாடல் ரயில் கண்காட்சியில் சந்தித்தேன். அவர் மேசையில் இருந்த இரண்டு எஞ்சின்கள் உண்மையிலேயே நேர்த்தியானவை. அவற்றைச் செய்தவர் அவர்தானா என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. ஓஓ அளவில், அதாவது ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் கணக்கில், பித்தளைத் தகட்டுப் பாகங்கள் அடங்கிய கிட்டிலிருந்து ஈயப்பற்று வைத்துச் செய்து, 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும்படி தர வேண்டும் என்று பேசிக்கொண்டோம். பெட்டிகளுக்கு 980 பவுண்ட், ஆறு மாதத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார். முன்பணமாக 350 பவுண்டை அவருடைய கார்டு இயந்திரத்தில் என் கிரெடிட் கார்டு மூலம் கட்டினேன். மீதியை வங்கி வழியாக அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து எஞ்சினையும் தானே செய்து தருவதாக அவர் தொலைபேசியில் சொன்னபோது, அதைத் தனி ஒப்பந்தமாகப் பேசி, கார்டு கட்டணம் மிச்சமாகும் என்று அவர் சொன்ன சொல்லைக் கேட்டு, 520 பவுண்ட் முழுவதையும் இரண்டு தவணைகளாக வங்கி வழியாகவே கொடுத்தேன். இந்தப் பதிவில் நான் மிகவும் வருந்தி எழுதும் வாக்கியம் இதுதான்.

தவணை கேட்கும் ஒவ்வொரு முறையும் வேலையின் நிலையைக் காட்டும் படம் ஒன்று வரும். எஞ்சினின் முதல் படம் முன்பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது: பெயிண்ட் பூசாத பித்தளை, குட்டைப் புகைபோக்கி, இருபுறமும் ஆவிக் குழாய்கள், அழகான பற்றவைப்பு. அதைப் பார்த்த மகிழ்ச்சியில் அன்றைக்கே முதல் தவணையை அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து, கறுப்புப் பெயிண்ட் பூசிச் சிவப்புக் கோடுகள் போட்ட எஞ்சின் ஒன்று படத்தில் வந்தது. அதில் ஆவிக் குழாய்களே இல்லை. பித்தளையில் பற்றவைத்த குழாயைப் பெயிண்ட் அடிப்பதற்காக யாரும் கழற்ற மாட்டார்கள். நான் கேட்டதற்கு, அது வேறொரு வாடிக்கையாளரின் எஞ்சின் என்றும், அவசரத்தில் படம் மாறிவிட்டது என்றும் பதில் வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு என்2 செய்பவர் இருக்க முடியாதா என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இரண்டாம் தவணையையும் அனுப்பினேன்.

முதல் படத்திலேயே இன்னொரு தடயம் இருந்தது. அதை நான் பிறகுதான் கண்டேன். ஓஓ அளவில் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நிஜப் பாதையின் 1435 மில்லிமீட்டரை அதே அளவுக்குச் சுருக்கினால் 18.83 மில்லிமீட்டர் வர வேண்டும். அந்தத் துல்லியம் வேண்டுபவர்கள் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் அதற்கேற்பத் தாங்களே அமைத்துக்கொள்கிறார்கள். ஆகவே எஞ்சினை முன்னாலிருந்து பார்த்தால், எங்கள் ஓஓ எஞ்சின்களில் சக்கரங்கள் உள்ளே ஒடுங்கித் தெரியும். அவர்களுடையவற்றில் அகன்று நிற்கும். எனக்கு வந்த முதல் படத்தில் சக்கரங்கள் அகன்றுதான் இருந்தன. என் தண்டவாளத்தில் ஏறவே முடியாத எஞ்சின் அது. பின்னர் அந்தப் படத்தை இணையத்தில் படத்தேடல் செய்து பார்த்தபோது, பல ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு மாடல்காரர் தன் வேலையைக் காட்டி வெளியிட்ட படம் அது என்று தெரிந்தது.

பார்சலைப் பிரித்ததும், எஞ்சினைக் கையில் எடுத்த நொடியிலேயே எடை காட்டிக்கொடுத்துவிட்டது. அது பித்தளை அல்ல. பழைய தொழிற்சாலைத் தயாரிப்பின் பிளாஸ்டிக் உடல், மேலே புதிய கறுப்புப் பெயிண்ட், புதிய எண். ஆவிக் குழாய்களுக்குப் பதிலாக, மின்கம்பியின் பிளாஸ்டிக் உறையை வளைத்து ஒட்டியிருந்தார். உள்ளே இருந்த மோட்டாரும் பழையதுதான், ஓடும்போது உறுமியது.

பெட்டிகளில் பித்தளை இருந்தது, ஆனால் மேல்தோலாக மட்டும். வேறு ஏதோ பிளாஸ்டிக் பெட்டிகளின் பக்கங்களைச் சீவிவிட்டு, அரித்து வெட்டிய பித்தளைத் தகடுகளை அவற்றின் மேல் உடனொட்டும் பசையால் ஒட்டியிருந்தார். ஈயப்பற்று ஓர் இடத்தில்கூட இல்லை. ஜன்னலோரத்தில் வைத்திருந்த ஒரு வாரத்துக்குள் இரண்டாம் பெட்டியின் பக்கத் தகடு நடுவில் எழும்பி நின்றது. குவாட்-ஆர்ட்டின் உயிரே பெட்டிகள் பங்கிட்டுக்கொள்ளும் அந்த நடு போகிகளில்தான் இருக்கிறது. இரு முனைகளும் ஒரே அச்சாணியில் அமர்ந்து, வளைவில் ஒன்றாகத் திரும்ப வேண்டும். அதனால்தான் பெட்டிகளுக்கு இடையில் தாங்கிகளோ கொக்கிகளோ இல்லாமல் இடைவெளி மிகக் குறுகியதாக இருக்கிறது. இவரோ போகியை ஒரு பெட்டிக்கு மட்டும் திருகிவிட்டு, அடுத்த பெட்டியின் முனையைக் கம்பி வளையத்தால் அதன் மேல் தொங்கவிட்டிருந்தார். நேர்ப்பாதையில் தள்ளினால் ஓடியது. 438 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவில், தொங்கிய முனை போகியைப் பக்கவாட்டில் நெம்பியது. தண்டவாளம் பிரியும் பாயிண்ட் மேல் வந்தபோது மூன்றாவது பெட்டி ஒவ்வொரு முறையும் தடம் புரண்டது. விலையுயர்ந்த பொருள் கையில் உடைந்து போனால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, வாடிக்கையாளருக்கென்றே செய்த பொருளைத் திருப்ப முடியாது என்று ஒரே வரியில் எழுதினார். இங்கேதான் பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். மனம் மாறியதற்காக 14 நாளில் ரத்துசெய்யும் உரிமை, சொல்லிச் செய்வித்த பொருளுக்குப் பொருந்தாது என்பது உண்மைதான். ஆனால் பொருள் பழுதாகவோ விவரித்ததற்கு மாறாகவோ இருப்பது முற்றிலும் வேறு விஷயம். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி, தொழிலாக விற்பவரிடமிருந்து வாங்கும் பொருள் தரமாகவும், சொன்ன விவரத்துக்கு ஒத்ததாகவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் 30 நாளுக்குள் அதை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். நமக்கென்றே செய்யப்பட்ட பொருளும் இதில் அடங்கும். நான் ஒன்பதாம் நாளே, நிராகரிக்கிறேன் என்ற சொல்லையே பயன்படுத்தி, மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் எழுதினேன். தொழிலாக அல்லாமல் தன் சேகரிப்பை விற்கும் தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு சுருங்கிவிடும். விவரம் பொய் என்று காட்ட முடிந்தால் மட்டுமே பேச இடம் உண்டு.

அவர் பதில் தரவில்லை. ஆகவே, 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, என் கிரெடிட் கார்டு வங்கியிடம் சென்றேன். விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்கு மிகாமல் உள்ள பொருளுக்கு, அதன் முன்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும், முழு விலைக்கும் விற்றவரோடு வங்கியும் பொறுப்பாகிறது. எங்கள் மாடல் ரயில் சங்கத்தில் நாற்பது ஆண்டு அனுபவமுள்ள மூத்தவர் ஒருவர், பசையையும் போகி இணைப்பையும் படமெடுத்து மூன்று பக்க அறிக்கை எழுதித் தந்தார். அதை இணைத்து அனுப்பிய ஏழாவது வாரத்தில் 980 பவுண்டும் வந்துவிட்டது. எஞ்சின் தனி ஒப்பந்தமாக இருந்ததாலும், அதற்கு ஒரு பவுண்ட்கூடக் கார்டில் கட்டாததாலும், வங்கியிடம் அதற்கு வழியில்லை. 10,000 பவுண்டு வரையிலான சிறு வழக்குகளுக்கான நடைமுறையில் வழக்குத் தொடுக்கலாம் என்று முன்னறிவிப்புக் கடிதம் அனுப்பினேன். அது திரும்பி வந்தது. அவர் தந்திருந்த முகவரி, தபால் பெறுவதற்காக வாடகைக்கு எடுத்த பெட்டி. அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் யார்மீது வழக்குப் போடுவது? சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவித் தொலைபேசியில் புகார் பதிந்திருக்கிறேன். அவர்கள் அதை வர்த்தகத் தர அதிகாரிகளுக்கு அனுப்புவார்கள்.

இனி யாரிடமாவது வேலை கொடுப்பதாக இருந்தால், ஒவ்வொரு தவணைக்கும் முன்பு, என் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுச் சீட்டை மாடலின் பக்கத்தில் வைத்து, அடிப்பக்கம் உட்பட நான்கு கோணங்களில் படம் கேட்பேன். நேர்மையான கைவினைஞர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். இந்தத் துறையில் அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். பெயிண்ட் பூசுவதற்கு முன் ஒரு முறையாவது நேரில் போய்ப் பார்ப்பேன். பெயிண்டுக்கு அடியில் பசை இருக்கிறதா, ஈயம் இருக்கிறதா என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. வேலை நடக்கும் இடத்தைக் காட்டத் தயங்குபவரிடம் முன்பணம் தர மாட்டேன்.

அவர் பெயரைச் சட்ட நடவடிக்கை முடியும்வரை இங்கே எழுத முடியாது. ஆனால் அவர் அனுப்பும் படங்களின் அடையாளத்தைச் சொல்லலாம். என்2வின் முன்பக்கப் படத்தில், மாடல் ஒரு பச்சை நிற வெட்டுவிரிப்பின் மேல் நிற்கிறது. வலது ஓரத்தில் ஓர் எஃகு அளவுகோல் கிடக்கிறது. அதன் 7 என்ற எண்ணை ஒரு சிவப்புப் பெயிண்ட் துளி பாதி மறைத்திருக்கிறது. பின்னால் மரக்கைப்பிடி போட்ட அரம் ஒன்று தெரிகிறது. குவாட்-ஆர்ட் படத்தில், முதல் பெட்டியின் கூரை மட்டும் பொருத்தப்படாமல் இருக்கிறது. இந்த இரண்டில் எதையாவது உங்கள் ரயிலின் படம் என்று சொல்லி யாராவது உங்களுக்கு அனுப்பியிருந்தால், அடுத்த தவணையை நிறுத்திவைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள். என் புகாரோடு உங்களுடையதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.