சுகர் சென்சாருக்காக போன் வாங்கப் போறீங்களா, பணம் கட்றதுக்கு முன்னாடி இத படிச்சிருங்க

அம்மாவுக்கு 20 வருஷமா சுகர். இன்சுலின் போட்டுக்கிட்டிருக்காங்க, ராத்திரில திடீர்னு இறங்கிருது, ரெண்டு தடவ விடியக்காலம் வேர்த்து நடுங்கிக்கிட்டு இருந்தவங்களுக்கு சீனித் தண்ணி குடுத்து எழுப்பியிருக்கோம். அதான் டாக்டர் கையில ஒட்டுற சென்சார் போடச் சொன்னாரு. 14 நாள் கையிலயே இருக்கும், போன பக்கத்துல கொண்டு போனா ரீடிங் வரும். போன்ல என்எஃப்சி (ரொம்ப பக்கத்துல வச்சா கம்பியில்லாம தகவல் வாங்குற வசதி) கண்டிப்பா இருக்கணும்னு சீட்டுலயே எழுதிக் குடுத்தாரு.

அந்தச் சீட்டத்தான் மதுரைல ஒரு மொபைல் கடைல காட்டுனேன். கேமரா எப்படி இருந்தாலும் பரவால்ல தம்பி, இந்த சென்சாரோட ஆப் ஓடணும், என்எஃப்சி இருக்கணும்னு ரெண்டு தடவ சொன்னேன். "இருக்குண்ணே"ன்னு ஒரு போன எடுத்து வச்சாரு, 16,500 ரூபா. நெட்ல காட்டுங்கன்னு கேட்டதுக்கு கம்பெனி பேஜயே காட்டுனாரு, என்எஃப்சி உண்டுன்னுதான் போட்டிருந்துச்சு. அது வெளிநாட்டு பேஜ்னு எனக்கு அப்ப தெரியாது. ஒரே பேர்ல வர்ற போன்ல வெளிநாட்டு மாடல்ல என்எஃப்சி இருக்கும், இந்தியாவுல விக்கிற மாடல்ல இருக்காது, இது நெறைய போன்ல உண்டு.

பணம் கட்டிட்டு அங்கயே ஆப் போடப் பாத்தா பிளே ஸ்டோர்ல "யுவர் டிவைஸ் இஸ்ன்ட் கம்பாட்டிபிள்"னு வந்துச்சு. அப்பவே நான் போன திருப்பிக் குடுத்திருக்கணும். அந்தத் தம்பி "புது போன்ல அப்படித்தாண்ணே காட்டும், நான் போட்டுத் தர்றேன்"னு எங்கிருந்தோ ஏபிகே ஃபைல (பிளே ஸ்டோர் இல்லாம நேரா ஆப் போடுற ஃபைல்) இறக்கி இன்ஸ்டால் பண்ணிட்டாரு. ஆப் தொறந்துச்சு, லாகின் கேட்டுச்சு, நானும் நம்பி கிளம்பி வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மா கையில சென்சார ஒட்டியாச்சு. போன வச்சா ஒண்ணுமே வரல. கவர கழட்டி, ரீஸ்டார்ட் பண்ணி, மேல கீழன்னு அரை மணி நேரம் தடவிப் பாத்தோம், கடைசில செட்டிங்ஸ்ல தேடுனா என்எஃப்சின்னு ஒரு வார்த்தையே இல்ல. சென்சார் ஒரு தடவதான் ஒட்ட முடியும், அது நாலாயிரத்துக்கு மேல. அம்மா முகத்தப் பாக்க முடியல எனக்கு, "விடுப்பா, பழையபடி குத்தியே பாத்துக்குவோம்"னாங்க.

என் மச்சான் ஆப் பண்ற வேலைலதான் இருக்காப்ல, அவர்தான் வெவரம் சொன்னாரு. ஆப் எழுதுறவங்க இதுக்கு என்எஃப்சி வேணும், இதுக்கு ஜிபிஎஸ் வேணும்னு ஆப்புக்குள்ளயே ஒரு ஃபைல்ல எழுதி வச்சிருவாங்களாம். போன் தங்கிட்ட என்னென்ன இருக்குன்னு சொல்ற லிஸ்ட்டோட பிளே ஸ்டோர் அத ஒத்துப் பாக்கும், கட்டாயம்னு எழுதினது இல்லன்னா இன்ஸ்டால் பண்ண விடாது. ஆனா ஏபிகேவா நேரா போட்டா ஆண்ட்ராய்டு இந்த செக்க பண்றதே இல்ல, அதனால ஆப் பாட்டுக்கு தொறக்கும், வேலைதான் நடக்காது. சிம் போட முடியாத டேப்ல சில ஆப் வராம போறதும், போன் திரும்புறத உணர்ற ஜைரோஸ்கோப் இல்லாத போன்ல, கேமரா காட்சி மேல படம் காட்டுற ஏஆர் ஆப் வராததும் இதே கதைதான்.

மறுநாள் கடைக்குப் போனா ஓனர் "அப்டேட் வந்தா என்எஃப்சி வந்துரும் சார்"ங்குறாரு. என்எஃப்சிக்கு போனுக்குள்ள தனி சிப்பும் ஆன்டெனா சுருளும் வேணும், அது எந்த அப்டேட்லயும் வராது. தெரிஞ்சேதான் சொல்றாரு, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

கையில ஒட்டுன சென்சார் வீணாப் போகக்கூடாதுன்னு பக்கத்து வீட்டு அக்கா போன்ல ஸ்டார்ட் பண்ணோம். அந்த சென்சார் 8 மணி நேர ரீடிங்தான் உள்ள வச்சிருக்கும், அதுக்குள்ள ஸ்கேன் பண்ணலன்னா பழசு போயிரும். அக்கா வேலைக்குப் போயிட்டு வர பத்து மணி நேரம் ஆகும். டாக்டர்கிட்ட காட்டுன கிராஃப்ல தெனமும் ஒரு ஓட்டை.

நீங்க வாங்கப் போனா கடைலயே செட்டிங்ஸ்ல என்எஃப்சின்னு தேடச் சொல்லுங்க. இருந்தா ஆன் பண்ணி, வைஃபை மாதிரி கோடு போட்ட பேங்க் கார்ட போன் பின்னாடி வச்சுப் பாருங்க, பெரும்பாலும் ஒரு சத்தம் வரும். உங்க ஐடில பிளே ஸ்டோர்லருந்தே ஆப் இறங்கணும், ஏபிகே போட்டுத் தர்றேன்னா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க. சென்சார் கம்பெனி எந்தெந்த போன் ஒத்து வரும்னு லிஸ்ட் போட்டிருப்பாங்க, அதுல பாக்கும்போது மாடல் நம்பர எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க, பேர மட்டும் பாக்காதீங்க. பில்லுல "என்எஃப்சி உண்டு"ன்னு எழுதி வாங்குங்க, நான் வாங்கல, இப்ப அதத்தான் கடைக்காரர் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு.

1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சுட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, தேவைப்பட்டா அங்கயும் போவேன். நேத்து கடைலருந்து கூப்பிட்டு 4,000 கழிச்சுட்டு வேற போன் தர்றேன்னாங்க. முடியாதுன்னுட்டேன்.