ஈரக்குலையா, பன்றிக் கருவா?

சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் ஆட்டுக்கறிக் கடை அண்ணனிடம், "ஈரக்குலை முழுசா வேணும்ண்ணே, கத்தி படாம" என்று கேட்டேன். "துண்டு போட்டுத் தரேனே டீச்சர், சமைக்க லேசா இருக்கும்" என்றார். சமைக்க இல்லை, பிள்ளைகள் அறுத்துப் பார்க்க என்றதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மூச்சுக்குழாய், இரண்டு நுரையீரல், நடுவில் இதயம், எல்லாம் ஒரே கொத்தாகப் பைக்குள் போனது.

இதயமும் நுரையீரலும் பாடம் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும். பதப்படுத்தி வரும் பன்றிக் கருவை, அதாவது பிறக்காத பன்றிக்குட்டியை, அறுப்பதா, சந்தையில் கிடைக்கும் ஆட்டு ஈரக்குலையா, பன்றி இதயமா, இல்லை திரையிலேயே முடித்துக்கொள்வதா? நான்கையும் வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன்.

பன்றிக் கருவுக்கு இருக்கும் பெருமை, உறுப்புகள் அதனதன் இடத்திலேயே கிடைப்பதுதான். விலா எலும்புகள் இன்னும் கெட்டிப்படாததால் சாதாரணக் கத்தரிக்கோலே போதும். மார்பைத் திறந்தால் முதலில் தைமஸ் சுரப்பி இதயத்தின் மேல் படர்ந்து கிடக்கும். அதை விலக்கினால் மெல்லிய உறைக்குள் நெல்லிக்காய் அளவில் இதயம். கீழே உதரவிதானம், அதற்கடியில் ஈரல். எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் படம் பார்த்து மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, அந்த ஒரு நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிடும்.

அப்புறம், வேறு எதிலும் பார்க்க முடியாத ஒன்று இதில் உண்டு. கருவுக்கு மூச்சு கிடையாது. தொப்புள் கொடியைக் குறுக்கே வெட்டினால் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் தெரியும். தாயிடமிருந்து ஆக்ஸிஜன் கொண்டுவருவது அந்தச் சிரை. நுரையீரலுக்கு அவ்வளவு ரத்தம் தேவையில்லை என்பதால் இரண்டு குறுக்குவழிகள் இருக்கின்றன. ஒன்று, இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே உள்ள முட்டை வடிவத் துளை. மற்றொன்று, நுரையீரல் தமனியிலிருந்து நேராகப் பெருந்தமனிக்குப் போகும் ஒரு குட்டைக் குழாய், டக்டஸ் ஆர்டீரியோசஸ். ரத்த ஓட்டத்தை விளக்கி 1628இல் எழுதிய வில்லியம் ஹார்வி, கருவின் இந்தக் குறுக்குவழிகளையும் பேசியிருக்கிறார். இடுக்கியால் அந்தக் குழாயைத் தூக்கிப் பிடித்துக் காட்டும்போது எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

ஆனால் பாடம் "இதயம் எப்படி வேலை செய்கிறது" என்றால் பன்றிக் கரு ஏமாற்றிவிடும். இடது கீழறையின் சுவர் வலதைவிடத் தடிமன் என்று எழுதிப் போட்டுவிட்டு இதயத்தைத் திறந்தால், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தடிமனாக இருக்கும். பிறக்கும்முன் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளுவதுதான் காரணம். தமனிக்குச் சிவப்பும் சிரைக்கு நீலமுமாக லேடெக்ஸ் என்ற ரப்பர் பாலை ஏற்றிய கரு என்றால் குழாய்கள் அழகாகத் தெரியும், ஆனால் அறைகளுக்குள்ளும் லேடெக்ஸ் உறைந்திருந்தால் வால்வைப் பார்க்க முடியாது. நுரையீரலும் அப்படியே. காற்றே புகாத நுரையீரல் ஈரல் மாதிரிக் கெட்டியாக இருக்கும். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். நுரை ஈரல் என்று பெயர் வைத்தவர்கள் மூச்சுவிட்ட உயிரின் நுரையீரலைத்தான் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த நுரையை ஆட்டு ஈரக்குலையில் பார்க்கலாம். மூச்சுக்குழாய்க்குள் ரப்பர் குழாயைச் செருகி, நூலால் இறுக்கிக் கட்டி, நுரையீரலை உள்ளே தெரியும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்துச் சைக்கிள் பம்பால் காற்றடித்தோம். வாயால் ஊதவே கூடாது, பை இல்லாமலும் செய்யக் கூடாது. சுருங்கிக் கருஞ்சிவப்பாகக் கிடந்தது மடல் மடலாக விரிந்து இளஞ்சிவப்பானது. பம்பைக் கழற்றியதும் தானாகவே சுருங்கியது. "டீச்சர், மூச்சை வெளியே விடுறதுக்கு நாம ஒண்ணும் செய்யத் தேவையில்லையா?" என்று ஒரு பையன் கேட்டான். சும்மா இருக்கும்போது தேவையில்லை, நுரையீரலின் மீள்தன்மையே பார்த்துக்கொள்ளும். அவனே கண்டுபிடித்துவிட்டான்! வெட்டிய துண்டு தண்ணீரில் மிதந்தது, அழுத்தினால் நுரை கசிந்தது.

இதயத்திலும் அப்படித்தான். இடது கீழறைக்குள் விரலை விட்டால் சுவரின் தடிமன் விரலுக்கே தெரியும். பெருந்தமனியில் தண்ணீர் ஊற்றினால் பிறை வால்வின் மூன்று இதழ்களும் ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொள்வதைப் பார்க்கலாம். குழாய்களை நீளமாக விட்டு வெட்டியிருந்தால், நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் நடுவே ஒரு வெள்ளை நார் தெரியும். கருவில் திறந்திருந்த அதே குறுக்குவழிதான் மூடி நாராகிக் கிடக்கிறது. பன்றிக் கருவை ஏற்கெனவே பார்த்த பிள்ளைகள் இதைக் காட்டியதும் கத்திவிட்டார்கள்.

மனித உடலோடு ஒப்பிட்டால் இரண்டிலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டிலும் பன்றியிலும், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிவதற்கு முன்பே வலது மேல் மடலுக்கு ஒரு கிளை தனியாகப் போகும். நமக்குப் பொதுவாக அது கிடையாது.

பேட்டைச் சந்தையில் வாங்கும் வளர்ந்த பன்றியின் இதயம் அளவிலும் அமைப்பிலும் நம் இதயத்துக்கு மிகவும் நெருக்கம். பன்றித் திசுவில் செய்த வால்வுகளை மனிதருக்குப் பொருத்துவது பல காலமாக நடக்கிறது. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் மரபணு மாற்றிய பன்றி இதயத்தையே டேவிட் பென்னட் என்பவருக்குப் பொருத்தினார்கள், சுமார் இரண்டு மாதம் வாழ்ந்தார். உடற்கூறு மட்டுமே கணக்கு என்றால் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

ஆனால் வகுப்பில் இருப்பது பிள்ளைகள். பன்றிக் கரு அறுத்த அன்று என் மாணவி ஒருத்தி, தமிழ் முஸ்லிம் பிள்ளை, மேசையின் ஓரத்தில் நின்று குறிப்பெழுதினாள். "நான் தொட வேண்டாம்தானே டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்றேன். இரண்டு மணி நேரமும் ஒரு முறைகூட இடுக்கியைக் கையில் எடுக்கவில்லை. வகுப்பிலேயே நன்றாக வரைந்த படம் அவளுடையதுதான், அதுவும் எட்டி நின்று பார்த்தது. இரண்டு வாரம் கழித்து ஆட்டு இதயம் வந்தபோது கத்தரிக்கோலை முதலில் எடுத்தவள் அவள். சிங்கப்பூர் வகுப்பறையில் மலாய்ப் பிள்ளைகளும் தமிழ் முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள் என்பது ஆசிரியருக்கு முன்பே தெரிந்த விஷயம். மாட்டு இதயம் வாங்கினால் இந்துப் பிள்ளைகளில் சிலர் ஒதுங்குவார்கள். ஆடு என்றால் ஏறக்குறைய எல்லாருடைய கையும் மேசைக்கு வந்துவிடும்.

சைவப் பிள்ளைகளுக்கு ஆடும் சரிவராது. அவர்களுக்குத் திரையில் முப்பரிமாண இதயத்தைக் கொடுத்துவிடுவேன், வற்புறுத்த மாட்டேன். ரத்தம் ஓடும் திசையைக் காட்டத் திரையே மேல். ஆனால் தடிமனும் வழுவழுப்பும் அதில் வராது.

வேலை என்று பார்த்தால் பன்றிக் கரு சுலபம், மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். மருந்து வாடைக்கு ஜன்னலைத் திறந்து வைத்து, கண்ணாடியும் கையுறையும் போட்டே தீர வேண்டும். ஈரக்குலையை இந்த ஊர் வெக்கையில் அன்றைக்கே முடித்தாக வேண்டும். ஒருமுறை மிச்சமாகட்டும் என்று உறைய வைத்து மறுவாரம் எடுத்தேன், நுரையீரலில் காற்று நிற்கவே இல்லை.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் ஆட்டைத்தான் எடுப்பேன். இரண்டு வகுப்பு கிடைத்தால், முதலில் ஒரே ஒரு பன்றிக் கருவை நானே அறுத்து எல்லாருக்கும் கேமராவில் காட்டிவிட்டு, அடுத்த வகுப்பில் நான்கு பேருக்கு ஒரு ஈரக்குலை. கடையில் மூன்று நாள் முன்பே சொல்லி வையுங்கள். இதயத்தைக் கீற வேண்டாம், மேலே இருக்கும் குழாய்களை ஒட்ட வெட்ட வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லுங்கள். போன வருஷம் நான் ஒரு முறைதான் சொன்னேன், எட்டு இதயத்தில் ஐந்து பிளந்து வந்தன.