பிரம்பா, வயரா? ஐயா நாற்காலிக்கு நான் போட்ட பின்னல்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டில் ஐயா காலத்து நாற்காலிகள் இரண்டு. பர்மா தேக்குச் சட்டம் இன்னும் கல் மாதிரி இருக்கிறது, உட்காருகிற இடம்தான் பிய்ந்து போனது. ஒன்றுக்கு முதலில் பிளாஸ்டிக் வயர் போட்டோம், அப்புறம் இன்னொன்றுக்குப் பிரம்பே பின்னச் சொன்னேன். இரண்டிலும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், என் ஓட்டு பிரம்புக்கு.

வயர் மலிவு, ஒரே நாளில் முடியும், பிள்ளைகள் காபியைக் கொட்டினால் துடைத்துவிடலாம். பலகை அடித்து குஷன் போடுவது சித்திரை வெயிலில் நம்ம ஊருக்கு ஆகாது, அவ்வளவுதான். ரெடிமேடாக வரும் பிரம்பு ஷீட் பார்க்க அச்சாக அப்படியே இருக்கும், ஆனால் அதைப் பதிக்கச் சட்டத்தைச் சுற்றிக் காடி, அதாவது நீளப் பள்ளம், வேண்டும். எங்களுடையதில் இருப்பது வரிசையாகத் துளைகள்தான். நல்ல தேக்கில் காடி இழுக்க மனசு வரவில்லை. உங்கள் நாற்காலியில் ஏற்கெனவே காடி இருந்தால் ஷீட்டே சரி, எத்தனை நாள் உழைக்கும் என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், நான் பழகியதில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது தொய்வு. எந்தப் பின்னலும் தொய்யும். வயர் ஒரு வருடத்தில் குழிந்து, முன்சட்டம் தொடையில் அழுத்த ஆரம்பித்தது, இறுக்க வேண்டுமென்றால் மொத்தமும் பிரித்துத்தான் பின்ன வேண்டும். பிரம்புக்கு அந்த வம்பில்லை. நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் ஈரத்துணியை ஒரு மணி நேரம் போட்டு வைக்க வேண்டும் (மேல்பக்கம் வழவழப்பான தோல், தண்ணீரை இழுக்காது), பிறகு நிழலில் காயவிட்டு ராத்திரி முழுக்க யாரையும் உட்கார விடக்கூடாது. காலையில் விரலால் சுண்டினால் முறத்தைத் தட்டின மாதிரி சத்தம் வரும். வருடத்துக்கு இரண்டு தடவை செய்கிறேன். பின்னி இரண்டு வருடம்தான் ஆகிறது, இதுவரை ஓர் இழைதான் அறுந்தது, அதுவும் பையன் முழங்காலை ஊன்றி ஏறியதால்.

ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் மட்டும் திறக்கிறவர்கள் யோசியுங்கள், காய்ந்து முறுகின பிரம்பு உட்கார்ந்ததும் படக்கென்று விடும். வீடு கூட்ட வருகிற அக்காவிடம் ஈரத்துணி வேலையையும் சொல்லி வைத்தால் தேவலை.

“அந்த வயரையும் மாத்திரலாமேப்பா” என்கிறார் ஆச்சி. அது வளவு (நடு முற்றம்) ஓரம், மழைச் சாரல் அடிக்கிற இடத்தில் கிடக்கிறது. அங்கே வயரே இருக்கட்டும்.